பெர்ன்ஸ்டைனின் ஜன்னலில் மழை: பழைய ஹாலிவுட் வட்டுகளில் எந்தப் பதிப்பை நம்புவது?

கடைசிவரிசை:

"சிட்டிசன் கேன்" (1941) படத்தில், படத்தின் நாயகனான செய்தித்தாள் முதலாளி கேனிடம் நெடுங்காலம் வேலை பார்த்த பெர்ன்ஸ்டைனைச் செய்தியாளர் அவருடைய அலுவலகத்தில் சந்திக்கும் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். இளவயதில் படகொன்றில் ஒரு நொடி மட்டும் கண்ணில் பட்டு மறைந்த ஒரு பெண்ணை இன்றுவரை மறக்கவில்லை என்று அந்த முதியவர் சொல்வது இங்கேதான். 2001ஆம் ஆண்டு வெளிவந்த டிவிடியில் இந்தக் காட்சியைப் பத்துப் பன்னிரண்டு முறையாவது பார்த்திருப்பேன். அண்மையில்தான் 2011ஆம் ஆண்டின் ப்ளூ-ரே வட்டு கைக்கு வந்தது. போட்டுப் பார்த்தால், பெர்ன்ஸ்டைனுக்குப் பின்னாலுள்ள ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக நான் பார்த்த பதிப்பில் அந்த மழை இல்லவே இல்லை. படச்சுருளில் விழுந்த கீறல்களை அழிப்பதற்காக இயக்கப்பட்ட கணினி முறை, மழைக்கோடுகளையும் கீறல் என்று எண்ணித் துடைத்துவிட்டது.

இந்தப் படத்தின் மூல நெகடிவ் 1970களில் தீயில் அழிந்துபோனது என்பது தெரிந்த செய்தி. ஆகவே நமக்குக் கிடைக்கும் ஒவ்வொரு பதிப்பும் எஞ்சியிருக்கும் பிரதிகளிலிருந்து யாரோ ஒருவர் முடிவெடுத்துச் செய்ததுதான். அந்த முடிவுகளை நாம் எவ்வளவு நம்பலாம்? உங்களிடம் உள்ள வட்டுகளில் இப்படி எதையேனும் கவனித்திருந்தால் எழுதுங்கள்.

கார்பன்குச்சி:

கடைசிவரிசைத் தம்பிக்கு வணக்கம். தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தவன் நான். கார்பன் குச்சிகளை எரித்து ஒளி உண்டாக்கிய காலத்திலிருந்து தொழிலில் இருந்ததால், இந்தத் "துடைத்தல்" விவகாரத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

முதலில் இரண்டு பொருள்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தூசி, கீறல், எண்ணெய்க் கறை ஆகியவை எங்களைப் போன்றவர்களின் கையிலும் இயந்திரத்திலும் சுருள் பட்ட பாட்டினால் வந்தவை. அவற்றை எடுத்துவிடுவதில் யாருக்கும் மறுப்பு இராது. படம் முழுவதும் மெல்லிய மணல்போல் அசைந்துகொண்டிருக்கும் துகள் அப்படிப்பட்டதன்று. கறுப்பு வெள்ளைச் சுருளில் ஒளி பட்ட இடத்தில் வெள்ளித் துகள்கள்தாம் தங்கி உருவத்தை ஆக்குகின்றன. நடிகை இங்கிரிட் பெர்க்மனின் கன்னமும் அந்தத் துகளால்தான் ஆகியிருக்கிறது, பின்னாலிருக்கும் சுவரும் அதனால்தான் ஆகியிருக்கிறது. துகளை வழித்து எடுத்தால் அதனோடு சேர்ந்து தோலின் சுருக்கமும் துணியின் நெசவும் போய்விடும்.

"ஸ்பார்ட்டகஸ்" (1960) இதற்கு நல்ல சான்று. படுக்கைவாட்டில் ஓடும் டெக்னிராமா சுருளில் எடுக்கப்பட்டதால் அதன் நெகடிவில் ஒவ்வொரு சட்டமும் (அதாவது ஒவ்வொரு தனிப் படமும்) சாதாரண 35 மில்லிமீட்டர் சட்டத்தைவிடப் பெரியது. துகள் இயல்பாகவே நுண்மையாக இருக்கும். அப்படியிருந்தும் 2010ஆம் ஆண்டின் ப்ளூ-ரேயில் முகங்கள் மெழுகுப் பொம்மைபோல் வழவழப்பாக வந்தன. பார்வையாளர்களும் மீட்டெடுப்பு வல்லுநர்களும் கடுமையாகக் குறை சொன்னார்கள். 2015இல் புதிதாக மீட்டெடுத்த பதிப்பு வெளிவந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள். "பேட்டன்" (1970) படத்தின் முதல் ப்ளூ-ரேக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

தேவகி:

ஆபரேட்டர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் முழுவதும் உடன்பட முடியவில்லை. நான் என் பிள்ளைகளோடு உட்கார்ந்து பெரிய தொலைக்காட்சியில் படம் பார்ப்பவள். திரையில் மணல் கொதிப்பதுபோல் இருந்தால் ஐந்தாவது நிமிடத்தில் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அவர்களுக்குப் பழைய படம் பிடிக்கவில்லை என்று சொல்வது எளிது. பார்க்கும்படி கொடுத்தோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்துப் பார்வையாளர் யாரும் மூல நெகடிவைப் பார்க்கவில்லை. நெகடிவிலிருந்து இடைப்பிரதி, அதிலிருந்து திரையரங்குப் பிரதி என்று படி இறங்கி வந்த உருவத்தைத்தான் பார்த்தார்கள். அதில் கூர்மை சற்று மங்கியிருக்கும். இப்போது நெகடிவையே 4கே அளவில் (அகலவாக்கில் ஏறத்தாழ நாலாயிரம் புள்ளிகளாக) நேரடியாக ஸ்கேன் செய்து எடுக்கும்போது, படமெடுத்தவர்களே எதிர்பாராத அளவுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிறது. "தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்" (1953) படத்தின் பழைய டிவிடியில் செவ்வாய்க் கோளின் போர்க்கலங்களைத் தொங்கவிட்ட கம்பிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. என் மகன் படம் முழுவதும் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தான். 2020ஆம் ஆண்டின் வட்டில் கம்பிகள் நீக்கப்பட்டிருந்தன. மகன் படத்தைப் பார்த்தான். இதில் என்ன பிழை?

நாலாம்ரீல்:

தேவகி அவர்கள் எடுத்த எடுத்துக்காட்டு மிகச் சரியான இடத்தில் கைவைக்கிறது. அன்றைய டெக்னிகலர் வண்ணப் பிரதிகள் ஒவ்வொரு நிறச் சாயத்தையும் அச்சடிப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிச் செய்யப்பட்டவை. அந்த முறையில் நிழல்கள் ஆழமாகவும் ஓரங்கள் சற்று மென்மையாகவும் விழும் என்பதால் கம்பிகள் கண்ணுக்குப் படாமல் மறைந்திருந்தன என்பதே மீட்டெடுத்தவர்களின் வாதம். அதை ஏற்றால், கம்பியை அழிப்பது 1953ஆம் ஆண்டின் பார்வையாளர் கண்டதைத் திரும்பக் கொடுப்பதாகும். நானும் ஏற்கிறேன், ஆனால் அரை மனத்தோடுதான். கம்பியை அழித்த கையால் நாளை பின்னணி ஓவியத்தின் தூரிகைத் தடத்தையும் அழிக்க ஒருவருக்குத் தோன்றலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு செய்தி உண்டு. "தி விசர்ட் ஆஃப் ஆஸ்" (1939) படத்தின் கான்சஸ் காட்சிகள் வெளியானபோது செம்பழுப்பு நிறத்தில் இருந்தன. பின்னர் தொலைக்காட்சியிலும் தொடக்ககால வீடியோ கேசட்டுகளிலும் அவை வெறும் கறுப்பு வெள்ளையாகவே காட்டப்பட்டன. 1989இல் வந்த ஐம்பதாம் ஆண்டுக் கேசட்டில்தான் பழுப்பு நிறம் திரும்பியது. கதாநாயகி ஆஸ் நாட்டுக்குள் காலெடுத்து வைக்கத் திறக்கும் வீட்டுக் கதவு, ஒரு தலைமுறைக்கே கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்குத் திறந்ததாகவே நினைவில் நிற்கிறது. அந்த நினைவு பிழைதான். ஆனால் அந்தப் பிழையையும் வீட்டுப் பிரதிதான் உண்டாக்கியது, திருத்தத்தையும் அதுவேதான் கொண்டுவந்தது.

செவ்வகம்:

துகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். சட்டகத்தைப் பற்றி, அதாவது உருவம் அடங்கும் செவ்வகத்தைப் பற்றி, யாரும் பேசவில்லையே என்று வியந்துகொண்டிருந்தேன். கேசட் காலத்தில் நமக்கு நேர்ந்த பெரிய இழப்பு அதுதான். அகலத்திரைப் படங்களை ஏறத்தாழச் சதுரமான தொலைக்காட்சியில் நிரப்புவதற்காக இருபுறமும் வெட்டி, முக்கியமாகத் தோன்றிய பகுதியை மட்டும் பின்தொடர்ந்து காட்டினார்கள். 2.35 விகிதப் படத்தை (உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலம்) 1.33 சட்டகத்துக்குள் இப்படி அடைத்தால் உருவத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போய்விடும். "பென்-ஹர்" (1959) 2.76 விகிதம், அதில் பாதிக்கும் மேல் காணாமற்போகும். தேரோட்டத்தில் நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய தேரை இயக்குநர் ஒரே சட்டகத்தில் வைத்திருக்க, கேசட்டில் இரண்டு குதிரைகளையும் யாரோ ஒருவருடைய தோளையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பின்னர் கறுப்புப் பட்டைகளோடு முழுச் சட்டகமும் வந்தபோது, "படம் பாதிதான் தெரிகிறது" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்களையும் கண்டிருக்கிறேன்.

சரியான விகிதம் எது என்பதே வழக்காகும் படங்களும் உள்ளன. "ஷேன்" 1951இல் பழைய 1.37 சட்டகத்துக்கெனப் படமாக்கப்பட்டது. 1953இல் வெளியாவதற்குள் அகலத்திரை மோகம் வந்துவிட்டதால், மேலும் கீழும் மறைத்து 1.66இல் திரையிட்டார்கள். 2013இல் ப்ளூ-ரே அறிவிக்கப்பட்டபோது 1.66 என்றுதான் முதலில் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 1.37ஆக மாற்றி வெளியிட்டார்கள். அதே ஆண்டில் வந்த "ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்" (1954) தொகுப்பில் மூன்று விகிதங்களையும் கொடுத்து, தேர்வைப் பார்ப்பவரிடமே விட்டார்கள். "செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்" (1954) இன்னும் வேடிக்கை: சினிமாஸ்கோப் என்னும் அகலத்திரை வசதியில்லாத அரங்குகளுக்காக அதைச் சாதாரண விகிதத்திலும் தனியாக ஒருமுறை படமாக்கியிருந்தார்கள். இரண்டும் வட்டில் கிடைக்கின்றன.

இப்போது நிலைமை தலைகீழ். அகலமான தொலைக்காட்சியில் பழைய 1.37 படத்தைப் போட்டால் இருபுறமும் கறுப்பு நிற்கிறது. உடனே வீட்டில் யாராவது ரிமோட்டை எடுத்து ஜூம் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மேலும் கீழுமாக ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போகும். "டாப் ஹேட்" (1935) படத்தில் ஃபிரெட் அஸ்டேர், கீழ்த்தளத்தில் உறங்க முயலும் ஜிஞ்சர் ராஜர்ஸுக்காக அறைத்தரையில் மணலைத் தூவி மெல்ல ஆடும் இடம் உண்டல்லவா? தலை முதல் கால்வரை முழு உருவமும் தெரிய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர் அவர். ஜூம் செய்த திரையில் அந்தக் கால்கள் இருக்காது.

தேவகி:

செவ்வகம் அவர்கள் எங்கள் வீட்டைத்தான் சொல்கிறார். பொத்தானை அழுத்துவது என் கணவர். இதைப் படித்துக் காட்டினேன், "அப்படியென்றால் இவ்வளவு பெரிய டிவி எதற்கு?" என்று கேட்டார். ஆனாலும் அந்த மணல் நடனத்தை மட்டும் இருவிதமாகவும் போட்டுப் பார்த்தோம். அதன் பிறகு அவர் ரிமோட்டைத் தொடவில்லை.

மோகனம்:

நான் வீணை கற்பிப்பவள். படத்தைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதுதான் அதிகம். ஒலியைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் வழங்கிய தொலைக்காட்சி முறைக்குப் "பால்" என்று பெயர் (கறக்கும் பால் அன்று). அதில் நொடிக்கு 25 சட்டங்கள் ஓடும். திரைப்படமோ நொடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்பட்டது. பெரும்பாலும் படத்தை அப்படியே 25இல் ஓட்டி வட்டாக்கிவிடுவார்கள். இதனால் 103 நிமிடம் ஓட வேண்டிய "சிங்கிங் இன் தி ரெயின்" (1952) 99 நிமிடத்தில் முடிந்துவிடும். நேரம் போனால் போகட்டும், சுருதியும் ஏறுகிறதே! ஒலியைத் தனியாகச் சரிசெய்யாத வட்டுகளில் பாடல்கள் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே ஒலிக்கும். என் பழைய வட்டில் அந்தப் படத்தின் நாயகன் ஜீன் கெல்லியின் குரல் ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறது என்று நெடுநாள் யோசித்தேன். அமெரிக்கப் பதிப்பைக் கேட்டபோதுதான் அவருக்கு அப்படியொரு கனமான அடிக்குரல் இருப்பது தெரிந்தது. ப்ளூ-ரேயில் படங்கள் 24 சட்டத்திலேயே பதியப்படுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. மற்றவர்கள் துகளுக்காகப் புதிய வட்டு வாங்குகிறார்கள். நான் சுருதிக்காக வாங்குகிறேன்.

இரண்டாவது, "வெர்ட்டிகோ" (1958). 1996இல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் அதை மீட்டெடுத்தபோது, பெர்னார்ட் ஹெர்மனின் இசை ஸ்டீரியோவில் பதிவாகியிருந்த நாடாக்களைப் பயன்படுத்த முடிந்தது. (அமெரிக்க இசைக்கலைஞர்களின் வேலைநிறுத்தத்தால் அந்த இசை லண்டனிலும் வியன்னாவிலும் பதிவானது என்பது ஒரு கிளைக்கதை.) காலடி, துப்பாக்கி, கதவு போன்ற ஒலிகள் இசையிலிருந்து பிரித்தெடுக்கும்படி தனியாகக் கிடைக்காததால் அவற்றைப் புதிதாக உண்டாக்கிச் சேர்த்தார்கள். இசை மலர்ந்தது உண்மை. ஆனால் கூரைமேல் துரத்தும் தொடக்கக் காட்சியில் காலடிகள் நேற்றுப் பதிவு செய்தவைபோல் பளிச்சென்று கேட்கும்போது, 1958ஆம் ஆண்டின் படத்துக்குள் 1996ஆம் ஆண்டு நுழைந்து ஓடுவதுபோல் எனக்குப் படுகிறது. பின்னர் வந்த வட்டுகளில் பழைய ஒற்றைத் தட ஒலியையும் தெரிவாக வைத்தது நியாயமான ஏற்பாடு.

புதுவரவு:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் படிக்கும் எனக்கு இந்த உரையாடல் மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. ஆனால் ஓர் ஐயம். இந்தப் படங்களில் பல இணையத்திலேயே கிடைக்கும்போது, வெளிநாட்டு வட்டுகளை விலை கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? வாங்கினாலும் அவை நம் கருவியில் ஓடுமா?

கடைசிவரிசை:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். வட்டுகளை உலகப் பகுதிவாரியாக மண்டலங்களாகப் பிரித்து வெளியிடுகிறார்கள். டிவிடியில் இந்தியா 5ஆம் மண்டலம், அமெரிக்கா 1, மேற்கு ஐரோப்பா 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. ப்ளூ-ரேயில் அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. மண்டலம் பொருந்தாவிட்டால் கருவி வட்டை ஏற்காது. எல்லா மண்டலங்களையும் ஏற்கும் கருவி வாங்குவது ஒரு வழி. 4கே வட்டுகளுக்கு மண்டலத் தடை கிடையாது. ஆனால் அவற்றோடு வரும் ப்ளூ-ரேக்கு இருக்கலாம் என்பதை மறந்து ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

இணையத்தைப் பொறுத்தவரை, எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் துகள்தான் அங்கே முதல் பலி. ஒவ்வொரு சட்டத்திலும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் துகளைச் சுருக்கிப் பதிவது கடினம். 4கே வட்டில் ஓடும் தரவின் அளவு நொடிக்கு நூறு மெகாபிட்டுக்கு அருகிலும் செல்ல முடியும். இணையவழிப் படத்துக்கு அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கிறது. இருண்ட காட்சிகளில் துகள் திட்டுத் திட்டாகக் கட்டிக்கொள்வதைப் பார்த்தால் தெரியும். அதைவிட, எந்தப் பதிப்பைக் காட்டுகிறார்கள் என்று அங்கே யாரும் எழுதி வைப்பதில்லை. மழை பெய்யும் பெர்ன்ஸ்டைனா, பெய்யாத பெர்ன்ஸ்டைனா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நாலாம்ரீல்:

பதிப்பு என்றதும் "டச் ஆஃப் ஈவில்" (1958) நினைவுக்கு வருகிறது. இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் கையிலிருந்து படத்தொகுப்பு பறிபோன பிறகு, ஸ்டுடியோவின் தொகுப்பைப் பார்த்து அவர் 58 பக்கக் குறிப்பொன்றை எழுதினார். 1958இல் வெளியானது ஒரு வடிவம். 1970களில் கண்டெடுக்கப்பட்ட, வெளியீட்டுக்கு முன் சோதனையாகத் திரையிட்ட நீண்ட வடிவம் இரண்டாவது. அந்தக் குறிப்பைப் பின்பற்றிப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் 1998இல் மறுதொகுப்புச் செய்தது மூன்றாவது. புகழ்பெற்ற அந்த முதல் நீள்காட்சியில், 1998ஆம் ஆண்டு வடிவத்தில் பெயர்ப் பட்டியலும் ஹென்றி மான்சினியின் தொடக்க இசையும் இல்லை. கார் வானொலிகளும் மதுக்கடைப் பாட்டுகளும் ஒன்றையொன்று கடந்துபோகும் தெருவோசை மட்டுமே கேட்கிறது. வெல்ஸ் விரும்பியது அதுவாக இருக்கலாம். ஆனாலும் மான்சினியின் தாளத்தோடு காரில் வைத்த வெடிகுண்டின் நேரம் நகர்வதை முதலில் பார்த்துவிட்ட எனக்கு இன்றும் அதுதான் படம். 2008ஆம் ஆண்டின் டிவிடித் தொகுப்பில் மூன்று வடிவங்களும் உள்ளன. புதுவரவு அவர்கள் ஒரே ஒரு வட்டு வாங்குவதாக இருந்தால், இப்படி மூன்றையும் சேர்த்துத் தரும் தொகுப்பை வாங்கட்டும்.

கார்பன்குச்சி:

தேவகி அம்மா சொன்ன திரையரங்குப் பிரதி வாதத்தைப் பற்றி நான்கு நாளாக யோசித்தேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நாங்கள் ஓட்டியது நெகடிவ் அன்று. பல ஊர் சுற்றி வந்த பிரதி. கூர்மையான துகளை என் அரங்கத்துத் திரையில் கண்டதாக நினைவில்லை. இருந்தாலும் முகத்தை மெழுகாக்குவதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

இதோடு இன்னொன்றைச் சொல்கிறேன், குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு ரீலும் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டப் புள்ளி தோன்றும். அதைக் கண்டதும் அடுத்த ரீல் ஏற்றிவைத்த இரண்டாவது இயந்திரத்தின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு நொடி கழித்து இரண்டாவது புள்ளி வரும். அப்போது ஒளியை இந்த இயந்திரத்திலிருந்து அந்த இயந்திரத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் நான்கே சட்டங்கள்தான் நிற்கும்; கண் சிமிட்டினால் போயிற்று. கீழே உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியக் கூடாத அடையாளம் அது. புதிய வட்டுகளில் அவற்றையும் துடைத்துவிடுகிறார்கள். துடைக்க வேண்டியதுதான்; பார்ப்பவருக்காக வைத்ததன்று. ஆனால் வீட்டில் பழைய படம் போட்டால், கால் மணி கடந்ததும் என் கண் தானாக வலது மூலைக்குப் போய் நிற்கிறது. அங்கே ஒன்றும் வருவதில்லை.

கடைசிவரிசை:

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு ஒரு வட்டைத் தேடி எடுத்தேன். "ஷரேட்" (1963) படத்தின் காப்புரிமைக் குறிப்பு முறைப்படி அச்சாகாததால், அது வெளியான நாளிலேயே அமெரிக்காவில் பொதுச்சொத்தாகிவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் கையில் கிடைத்த பிரதியிலிருந்து மலிவு வட்டு போட்டு விற்றார்கள். என்னிடம் இருப்பது அப்படிப்பட்ட ஒன்று: நிறம் வெளுத்து, ஒலி கரகரத்து, யாருக்கும் பரிந்துரைக்க முடியாத நிலையில் இருக்கிறது. நல்ல பதிப்பு வாங்கிய பிறகு இதைத் தூக்கிப் போடாமல் விட்டது வெறும் சோம்பல்.

ஏதோ ஒரு திரையரங்குப் பிரதியிலிருந்தே நேரடியாக எடுத்திருக்கிறார்கள். பதினெட்டாவது நிமிடத்தை ஒட்டி, வலது மேல் மூலையில் புள்ளி வந்தது. ஏழு நொடி எண்ணினேன், இரண்டாவதும் வந்தது. படம் முழுவதும் இருக்கின்றன. முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள், வட்டை அஞ்சலில் அனுப்பிவைக்கிறேன்.